ஏழு எழுத்துகள் செய்த வேலை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் தேசிய ஒருமைப்பாட்டு வாரம் கொண்டாடுகிறோம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஓவியப் போட்டி நடக்கிறது. இந்திய வரைபடத்தின் மேல் நான்கு பேர் கைகோத்து நிற்பார்கள். ஒருவர் நெற்றியில் திலகம், ஒருவர் தலையில் குல்லாய், ஒருவர் கழுத்தில் சிலுவை, ஒருவர் தலையில் சீக்கியத் தலைப்பாகை. மேலே ஒரு வெண்புறா பறக்கும். பரிசு பெற்ற படங்கள் அறிவிப்புப் பலகையில் சில நாள் இருக்கும். பிறகு தேர்வுக் கட்டண அறிவிப்பு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்படங்களை வரைகின்ற நண்பர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. படத்தைப் பார்க்கின்றவன் கண்ணில் முதலில் படுவது எது? இவர் இன்ன மதம், அவர் இன்ன மதம் என்பதுதானே! குல்லாயையும் சிலுவையையும் தலைப்பாகையையும் எடுத்துவிட்டால் அங்கே நான்கு மனிதர்கள் நிற்பார்கள். ஆனால் அப்போது அதனை ஒருமைப்பாட்டுப் படம் என்று எந்த நடுவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எழுத்து, நிறம், சின்னம், கொடி, சுவரொட்டி, பணத்தாள் போன்றவற்றைத் திட்டமிட்டு அமைக்கும் கலையை வரைகலை என்கிறோம். இனத்தால் பிளவுபட்ட ஒரு நாட்டை ஒன்றாக்க இந்தக் கலை உதவுமா என்று கேட்டால், உதவும் என்றே நான் சொல்லுவேன். ஆனால் 'ஒன்றுபடுவீர்' என்று சுவரில் எழுதி வைப்பதால் அது நடவாது. ஒருவனை இன்னான் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை, எல்லோரும் அன்றாடம் கையாளும் பொருள்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். வரைகலை செய்யக்கூடிய பேருதவி அதுவே என்பது என் கருத்து. இதற்குச் சான்றாக ஐரோப்பாவின் போஸ்னியா நாட்டைக் காட்ட விரும்புகிறேன்.

போஸ்னியா-ஹெர்ஸகோவினா, பழைய யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளுள் ஒன்று. அங்கே முக்கியமாக மூன்று இனத்தார் வாழ்கின்றனர். போஸ்னியாக்குகள் முஸ்லிம்கள், செர்பியர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், குரோஷியர்கள் கத்தோலிக்கர்கள். மூவரும் பேசுவது ஏறத்தாழ ஒரே மொழி. பெயர் மட்டும் போஸ்னிய மொழி, செர்பிய மொழி, குரோஷிய மொழி என மூன்று. முகத்தைப் பார்த்து யார் எந்த இனம் என்று சொல்ல முடியாது. எழுத்தில்தான் வேறுபாடு தெரியும். லத்தீன் எழுத்து எல்லோருக்கும் தெரிந்தது என்றாலும், செர்பியர்கள் தங்களுக்கு உரியதாகப் போற்றுவது சிரிலிக் எழுத்தை. 1992-இல் தொடங்கிய போர் 1995 வரை நீடித்தது. சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டனர். தலைநகர் சரயேவோ ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் ஊரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பேசி முடித்து, பாரிஸில் கையெழுத்தான உடன்பாட்டினால் போர் நின்றது. நாடு ஒன்றாகவே இருக்கும். அதற்குள் கூட்டமைப்பு என்று ஒரு பகுதி, ஸ்ர்ப்ஸ்கா குடியரசு என்று ஒரு பகுதி என ஏற்பாடாயிற்று.

இரு பகுதிக்கும் இடையே சுவர் இல்லை. யாரும் எங்கும் போகலாம் என்று உடன்பாட்டிலேயே எழுதியிருந்தது. ஆனால் போகத்தான் ஆளில்லை! காரணம், வண்டியின் நம்பர் பிளேட். போர்க் காலத்தில் ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு பலகையை வெளியிட்டிருந்தது. ஒன்றில் லில்லி மலர்ச் சின்னம். ஒன்றில் சதுரங்கக் கட்டம் போட்ட குரோஷியச் சின்னம். ஒன்றில் சிரிலிக் எழுத்து. வண்டி நூறு அடி தொலைவில் வரும்போதே உள்ளே இருப்பவன் யாரென்று தெரிந்துவிடும். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறு என்ன வேண்டும்? அடுத்த பகுதியில் இருக்கும் தன் சொந்த வீட்டைப் பார்க்கவும், தன்னைப் பெற்றவர்களின் கல்லறைக்குப் போகவும் கூட மக்கள் அஞ்சினார்கள்.

1998-இல், உடன்பாட்டை மேற்பார்வையிட்ட சர்வதேசப் பிரதிநிதியின் அலுவலகம் வற்புறுத்தியதால், நாடு முழுவதற்கும் ஒரே பலகை வந்தது. மூன்று எண்கள், ஓர் எழுத்து, மீண்டும் மூன்று எண்கள். ஊர்ப் பெயரோ மாவட்டக் குறியோ கிடையாது. அந்த ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் அறிவு இருக்கிறது. ஏ, இ, ஜே, கே, எம், ஓ, டி ஆகிய ஏழு எழுத்துகளை மட்டுமே எடுத்தார்கள். லத்தீனிலும் சிரிலிக்கிலும் இந்த ஏழுக்கும் வடிவம் ஒன்றே; ஒலியும் ஒன்றே. செர்பியன் பார்த்தால் அது சிரிலிக். குரோஷியன் பார்த்தால் அது லத்தீன். இருவரும் ஒரே மாதிரி படிப்பார்கள். யாரும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

நான் கணிதம் படிக்கும் மாணவன். பள்ளியில் கணங்களின் வெட்டு என்று ஒரு பாடம் வரும். இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தைப் பென்சிலால் நிழலிட்டுக் காட்டுவோம். இதனால் யாருக்கு என்ன பயன் என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. இதோ ஒரு பயன்! அதிலும் இது வடிவத்தை மட்டும் பார்த்த வெட்டு அன்று. லத்தீனில் 'எச்' என்று படிக்கும் வடிவம் சிரிலிக்கிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு 'ன' ஒலி. லத்தீன் 'சி' வடிவம் சிரிலிக்கில் 'ஸ' ஆகிவிடும். ஆகவே அவற்றைத் தள்ளிவிட்டார்கள். வடிவமும் ஒலியும் சேர்ந்த சோடியாக எடுத்து, இரு கணங்களிலும் எந்தச் சோடிகள் உண்டோ அவற்றையே கொண்டார்கள். இந்த ஏழு எழுத்துகளைக் கண்டவர் எந்தச் சுவரொட்டியும் வரையவில்லை, எந்தப் பாடலும் எழுதவில்லை. ஆனால் அதன்பின் இரு பகுதிகளுக்கும் இடையே வண்டிகள் போய்வருவது பெருகியது. போருக்குப் பிறகு அந்நாட்டில் எடுத்த முயற்சிகளுள் உண்மையாகப் பலித்தவற்றில் இதுவும் ஒன்று என்று அதைக் கவனித்தவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது தமிழர்களாகிய நமக்கு உடனே நினைவுக்கு வரவேண்டியது இலங்கையின் 'ஸ்ரீ' எழுத்து. அங்கும் நம்பர் பிளேட்தான். ஆனால் கதை தலைகீழ். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, முன்பு ஆங்கில எழுத்து இருந்த வண்டிப் பலகைகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தை இடவேண்டும் என்று ஆணை பிறந்தது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. 1958-இன் தொடக்கத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதிக்கொண்டு வண்டிகள் ஓடின. தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. ஓர் எழுத்தினால்தான் இத்தனையும் வந்தது என்று நான் சொல்லவில்லை. நிலம், வேலை, மொழி என்று வேர்கள் ஆழமானவை. ஆனால் சண்டைக்கு ஊர் ஊராக உருளும் ஒரு கொடி வேண்டியிருந்தது. அந்தப் பலகை அதுவாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஸ்ரீ' என்ற சொல் இரு இனத்தாருக்கும் பொதுவானது, பொருளும் மங்கலமானது, ஒலியும் ஒன்றே. நம்மவர்கள் பதிலுக்கு எழுதிய எழுத்தோ தமிழின் பன்னிரண்டு உயிரிலும் பதினெட்டு மெய்யிலும் அடங்காத கிரந்த எழுத்து! ஒரே சொல், இரு வடிவம். வடிவத்தில் ஒருவர் மட்டும் வென்றதால் பொதுச் சொல்லே பகைச் சொல்லாகிவிட்டது. பின்னாளில் அந்த எழுத்து இலங்கைப் பலகைகளிலிருந்து மறைந்தது. அதற்குள் என்னென்னவோ நடந்து முடிந்துவிட்டன.

மீண்டும் போஸ்னியாவுக்கு வருவோம். அங்கே வரைகலை எல்லா இடத்திலும் வென்றுவிடவில்லை. கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் ஏற்ற கொடியில் லில்லி மலர்கள் இருந்தன. அது போஸ்னியாக்குகளின் கொடி என்று மற்ற இருவரும் ஒதுக்கினார்கள். புதிய கொடியை நாடாளுமன்றம் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே சர்வதேசப் பிரதிநிதியான கார்லோஸ் வெஸ்டென்டோர்ப் என்ற ஸ்பானியர், 1998 பிப்ரவரியில் தாமே ஒரு கொடியை அறிவித்தார். ஜப்பானின் நாகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கச் சில நாள்களே இருந்தன. நீலத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம், அதன் ஓரமாக வெண்ணிற விண்மீன் வரிசை. நாட்டின் வடிவமும் முக்கோணம், மூன்று முனையும் மூன்று இனம் என்று விளக்கம் சொன்னார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றும் ஸ்ர்ப்ஸ்கா குடியரசில் அதைவிட அவர்களுடைய மூவண்ணக் கொடியே மிகுதியாகப் பறக்கிறது. கால்பந்துத் திடலில் பழைய லில்லிக் கொடியும் தலை காட்டுகிறது. நாட்டுப்பண்ணின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1999-இல் ஏற்ற அந்தப் பண்ணுக்கு இசை உண்டு, சொல் கிடையாது. எந்தச் சொல்லைப் போடுவது என்று உடன்பாடு வரவே இல்லை.

பலகை வென்ற இடத்தில் கொடி ஏன் வெல்லவில்லை? கொடி என்பது நேசிக்கச் சொல்கிறது. பலகை எதையும் நேசிக்கச் சொல்லவில்லை. வண்டியில் மாட்டிக்கொண்டு போ என்கிறது, அவ்வளவே. அன்பை ஆணையிட்டு வரவழைக்க எந்த ஓவியனாலும் ஆகாது. இன்னொரு குறையும் அந்தக் கொடியில் எனக்குத் தெரிகிறது. முனை மூன்றுதான், ஆனால் அந்நாட்டில் யூதர்களும் ரோமா மக்களும் இருக்கிறார்களே, அவர்கள் எந்த முனை? இது வெறும் படக் கேள்வி அன்று. மூன்று இனத்தாரைத் தவிர வேறு எவரும் அந்நாட்டின் தலைமைக் குழுவுக்குப் போட்டியிட முடியாது என்ற விதி தவறு என்று, ஒரு ரோமாவும் ஒரு யூதரும் தொடுத்த வழக்கில் 2009-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனங்களை எண்ணி இடம் ஒதுக்குகின்ற படம் எதுவானாலும், எண்ணிக்கையில் வராதவன் அதற்கு வெளியே நின்றுவிடுகிறான். இலங்கைக் கொடியில் தமிழருக்கு ஒரு பட்டையும் முஸ்லிம்களுக்கு ஒரு பட்டையும் 1951-இல் சேர்த்தார்களே, அவை சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே நிற்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பணத்தாளில் ஒரு நடுவழி கண்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. 1998-இல் 'மாற்றத்தக்க மார்க்' என்ற பொது நாணயம் வந்தபோது யாருடைய படத்தைப் போடுவது என்ற சிக்கல் எழுந்தது. அரசர்களையும் தளபதிகளையும் விட்டுவிட்டு எழுத்தாளர்களைப் போட்டார்கள். அதிலும் கூட்டமைப்புக்கு ஒரு வரிசை, ஸ்ர்ப்ஸ்கா குடியரசுக்கு ஒரு வரிசை. பத்து மார்க் தாளில் அங்கே மாக் டிஸ்டார் என்ற கவிஞர், இங்கே அலெக்ஸா சாந்திச் என்ற கவிஞர். ஒன்றில் லத்தீன் எழுத்து முதலில், மற்றதில் சிரிலிக் முதலில். இது பிரிவினையை அச்சடித்துத் தந்தது போலல்லவா என்று கேட்கலாம். ஆனால் நிறம் ஒன்றே, அமைப்பு ஒன்றே, மதிப்பு ஒன்றே. இரண்டும் நாடு முழுதும் செல்லும். பணத்துக்கு ஓரிடத்தில் இருக்கும் பழக்கம் இல்லை. ஒரு சந்தை நாள் போதும், இரு கவிஞர்களும் ஒரே கல்லாப் பெட்டியில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடப்பார்கள். 2002-இல் வந்த இருநூறு மார்க் தாளில் இரு பகுதிக்கும் ஒருவரே: இவோ ஆந்திரிச். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பெல்கிரேடில் வாழ்ந்து, போஸ்னியாவைப் பற்றி எழுதி 1961-இல் நோபல் பரிசு பெற்றவர்.

இத்தனை சொன்ன பிறகு, என் கருத்துக்கு எதிரான ஒரு வாதத்தை நானே எழுப்பியாக வேண்டும். ஏனெனில் அது நம் வாசலிலேயே நடந்தது. தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் இருந்த காலம் உண்டு. பல்லவன், சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பேருந்துகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். 1997-இல் விருதுநகர்ப் பகுதியின் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். அவர் கட்டபொம்மனின் படைத்தளபதி. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். மோதல் மூண்டது, உயிர்கள் பலியாயின. அதே ஆண்டில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும், எல்லா மாவட்டங்களின் தலைவர் பெயரையும் ஒருசேர நீக்கியது. இன்று பேருந்துகளில் அந்தத் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் இல்லை. அமைதி வந்தது, மெய்தான்.

ஆனால் இதில் இழந்தது யார்? மற்றவர்கள் பெயர் பல ஆண்டுகள் ஊரெல்லாம் சுற்றி ஓய்ந்த பிறகு நீங்கியது. சுந்தரலிங்கத்தின் பெயரோ வந்த வேகத்தில் போயிற்று. பெயரைச் சகிக்க மாட்டாதவன் கேட்டது கிடைத்தது. அடையாளத்தை நீக்குவது எல்லோருக்கும் சமம் என்று ஏட்டில் சொல்லிவிடலாம். ஆனால் அதுவரை ஏதும் இல்லாதவனுக்கு அது சமம் ஆகாது. போஸ்னியாவின் ஏழு எழுத்துகளில் இந்தக் குற்றம் இல்லை; அங்கே மூன்று தரப்பும் தத்தம் பலகையை ஒரே காலத்தில் இழந்தன, புதிய பலகை எவருடைய மறுப்புக்கும் கூலியாக வரவில்லை. ஆகவே என் கருத்தைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். அச்சமின்றிப் போய்வர எது தேவையோ, அந்தப் பேருந்திலும் பலகையிலும் அடையாளம் வேண்டாம். ஆனால் பாடநூலிலும் பணத்தாளிலும் தெருப் பெயரிலும், அதுவரை பேசப்படாதவர்களின் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் பொதுமை பேச வேண்டும்.

சீருடையும் ஒரு வரைகலைதான் என்று நான் எண்ணுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பள்ளியில் எல்லோருக்கும் ஒரே துணி என்பதால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்தது. அந்தச் சீருடையின் வேலையைக் கெடுக்கச் சில மாவட்டங்களில் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வந்தார்கள். அதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. துணியில் மறைந்த குறி மணிக்கட்டில் முளைத்தது! குறியை எடுத்துவிட்டால் போதும் என்று வாதிடுபவன், குறி தேடும் கண் வேறு இடத்தில் தேடும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போஸ்னியாவிலும் அப்படியே. அங்கே சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கையை மூன்று மொழிகளிலும் அச்சிட்டார்கள். போஸ்னியத்திலும் குரோஷியத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே வரி இருமுறை வரும். அடுத்து அதே வரி சிரிலிக்கில். அந்நாட்டாரே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாலையோர ஊர்ப் பலகைகளில் பிடிக்காத எழுத்தின்மேல் கறுப்பு மை பீச்சிவிடும் வழக்கமும் உண்டு. இதைவிடத் துயரமானது பள்ளிக்கூடம். 'ஒரே கூரையின்கீழ் இரு பள்ளிகள்' என்று ஒரு முறை கூட்டமைப்பின் சில பகுதிகளில் இருக்கிறது. கட்டடம் ஒன்று; போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோஷியப் பிள்ளைகளுக்கு வேறொன்று; சில இடங்களில் வாயிலே வேறு வேறு.

யாய்ட்சே என்ற சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் இவ்வாறு இனவாரியாகப் பிரித்து இன்னொரு பள்ளி திறக்கத் திட்டமிட்டார்கள். இரு இனத்து மாணவர்களும் சேர்ந்து 2016-இலும் 2017-இலும் தெருவில் இறங்கினார்கள். நம்மைவிட வயதில் சிறியவர்கள். திட்டம் 2017-இல் கைவிடப்பட்டது. 2018-இல் அம்மாணவர்களுக்கு மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது. வேறு ஊர்களில் இரட்டைப் பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. காலையில் அப்பள்ளிகளின் முன் பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது அதே பொதுப் பலகைதான். எந்தப் பிள்ளை எந்த வாயிலுக்குப் போகும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.